எந்த மரபணு என்று கேளுங்கள்: பரம்பரை விழித்திரை நோய் பற்றிய கேள்வி பதில்

பரம்பரையாக வரும் விழித்திரை நோய்கள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஆள் பெயரை எடுத்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. மதுரையில் கண் மரபணு ஆய்வுக்கூடத்தில் ரத்த மாதிரிகளோடும் வம்ச வரைபடங்களோடும் பல வருடம் இருந்தவள். அதனால் உங்கள் கண்ணுக்கு என்ன என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். நோய் எப்படி வேலை செய்கிறது, ஆராய்ச்சி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்ல முடியும்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு அப்பா: பையனுக்கு 14 வயது. தியேட்டருக்குள் போனால் சீட்டைத் தேடித் தடுமாறுகிறான். பக்கத்தில் வரும் சைக்கிள் தெரிவதில்லை. ஆர்.பி. என்றார்கள். மாலைக்கண்தானே மேடம், ஈரலும் முருங்கைக்கீரையும் கொடுத்தால் சரியாகாதா?

மாலைக்கண் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. ஒன்று வைட்டமின் ஏ குறைவால் வருவது. இருட்டில் பார்க்க உதவும் ரொடாப்சின் என்ற நிறமியைச் செய்ய அந்த வைட்டமின் வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு இருக்கும், எண்ணெய் இருக்காது. ஊற்றினால் எரியும். உங்கள் பையனுக்குச் சொன்ன ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, அதாவது ஆர்.பி., வேறு. அதில் திரியே கருகிக்கொண்டு வருகிறது.

ஒரு கண்ணின் விழித்திரையில் சுமார் 12 கோடி கோல் செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உண்டு. கோல்கள் மங்கிய வெளிச்சத்துக்கு, கூம்புகள் பகலுக்கும் நிறத்துக்கும். ஆர்.பி.யில் பெரும்பாலும் முதலில் சாவது கோல்கள். அவை ஓரப் பகுதியில் நிறைய இருப்பதால் இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் சேர்ந்தே போகின்றன. மிஞ்சுவது குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி நடுப்பகுதி. பழுது கோலின் மரபணுவில் மட்டும் இருந்தாலும் பிற்பாடு கூம்புகளும் சாகத் தொடங்குகின்றன. அது ஏன் என்பதிலேயே பல ஆய்வுக்கூடங்கள் குந்தியிருக்கின்றன. அந்தக் கூம்புகளைக் காப்பாற்றினால் போதும், ஒருவர் ஆயுசுக்கும் பேப்பர் படிக்கலாம்.

முருங்கைக்கீரை தாராளமாகக் கொடுங்கள், சாப்பாட்டுக்கு நல்லது. மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். தினம் 15,000 யூனிட் வைட்டமின் ஏ சாப்பிட்டால் ஆர்.பி. மெதுவாகும் என்று 1993ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு சொன்னது. உலகமே அந்த மாத்திரையை விழுங்கியது. பின்னாளில் அதே ஆய்வின் தரவுகளை, யாருக்கு எந்த மரபணுப் பழுது என்ற விவரத்தோடு மறுபடி அலசியபோது அந்தப் பலன் நிற்கவில்லை. ஏ.பி.சி.ஏ.4 மரபணுவில் பழுது உள்ளவர்களுக்கு, அதாவது நடுப்பார்வையைக் கெடுக்கும் ஸ்டார்கார்ட் நோய் உள்ளவர்களுக்கு, கூடுதல் வைட்டமின் ஏ கெடுதலே செய்யலாம்.

மேலூரிலிருந்து: என் கணவர் எனக்குத் தாய்மாமன். இரண்டு பிள்ளைகளில் மூத்தவளுக்கு ஆர்.பி. இது உன் அப்பன் வழி ரத்தம் என்று என் அம்மாச்சி, அதாவது மாமியார், நாள் தவறாமல் சொல்கிறார். யாரால் வந்தது அக்கா?

வம்ச வரைபடம் போடும்போது கணவன் மனைவியை ஒரு கோட்டால் இணைப்போம். சொந்தத்தில் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. நம் பக்கத்து வரைபடங்களில் சில தாள்களில் இரட்டைக் கோடு தண்டவாளம் மாதிரி ஓடும்.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒடுங்கு மரபு நோயில் ஒரு பிரதி கெட்டாலும் மற்றது சமாளித்துவிடும். கண்ணில் ஒன்றும் தெரியாது. இரண்டும் கெட்டதாக அமைந்தால்தான் நோய். உங்கள் மகளுக்கு வந்திருப்பது இந்த வகை என்றால், உங்களிடமும் கணவரிடமும் தலா ஒரு கெட்ட பிரதி இருக்கிறது. தாய்மாமனும் மருமகளும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள். அந்தப் பிரதி பெரும்பாலும் உங்கள் தாத்தாவிடமிருந்தோ அம்மாச்சியிடமிருந்தோ ஒரு கை மகன் பக்கமும் இன்னொரு கை மகள் வழியாக உங்கள் பக்கமும் இறங்கியிருக்கும். உங்கள் அப்பாவுக்கு இதில் பங்கு இருப்பது சந்தேகம்தான். ஆனால் இதை அம்மாச்சியிடம் சொல்லி வீட்டில் இன்னொரு சண்டையை மூட்ட வேண்டாம். அவருக்கும் தெரியாமல் வந்ததுதான் அது.

கணக்கு இதுதான். தாய்மாமன் கல்யாணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, ஏதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 8ல் 1. மாமன் மகள், அத்தை மகன் என்றால் 16ல் 1. அதற்காகச் சொந்தத்தில் கட்டினால் நோய் நிச்சயம் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே பிறக்கின்றன. அசலில் கட்டியவர்கள் வீட்டிலும் இந்த நோய் வருகிறது.

அடுத்த குழந்தை என்று வந்தால் வாய்ப்பு 4ல் 1. ஏற்கெனவே ஒன்றுக்கு வந்துவிட்டதே, இனி வராது என்று கணக்குப் போடக்கூடாது. தாயக்கட்டை முந்தைய ஆட்டத்தை நினைவில் வைத்திருப்பதில்லை. இளையவனுக்கு நோய் இல்லை என்று உறுதியானால், அவன் ஒரு பிரதியைச் சுமப்பவனாக இருக்க 3ல் 2 வாய்ப்பு. அவனுக்குப் பெண் பார்க்கும் காலத்தில், முக்கியமாகச் சொந்தத்தில் பார்த்தால், அது தேவைப்படும் தகவல்.

திருமங்கலம், ஒரு பெண்: எங்கள் வீட்டில் ஆண்களுக்கு மட்டும் பார்வை போகிறது. அம்மாச்சியின் அண்ணன், இரண்டு தாய்மாமன்கள், இப்போது என் தம்பி. குலதெய்வக் குற்றம் என்கிறார்கள்.

எக்ஸ் குரோமோசோமில் வரும் ஆர்.பி. அச்சு அசலாக இப்படித்தான் இறங்கும். இதில் அதிகம் காண்பது ஆர்.பி.ஜி.ஆர். மரபணு. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மா கொடுப்பது. அது கெட்டால் மாற்று இல்லை. அப்பாவிடமிருந்து மகனுக்கு இது போகவே போகாது. உங்கள் தம்பிக்கு மகன் பிறந்தால் அவன் தப்பித்தான், மகள்கள் எல்லோரும் சுமப்பவர்கள். நீங்கள் சுமப்பவராக இருக்கப் பாதி வாய்ப்பு. சுமக்கும் பெண்களில் சிலருக்கும் லேசாக இரவுப் பார்வை குறையும், கேட்டால்தான் சொல்வார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வையுங்கள், அது உங்கள் விருப்பம். தம்பியோடு நீங்களும் பரிசோதனைக்குப் போங்கள்.

இந்த மரபணுவுக்கான சிகிச்சை ஒன்று மூன்றாம் கட்டச் சோதனை வரை போய், 2025ல் முக்கிய இலக்கை எட்டவில்லை என்று அறிவித்தார்கள். வேறு குழுக்கள் தொடர்கின்றன.

பசுமலை, கல்லூரி மாணவி: மருந்தே இல்லாத நோய்க்கு ஜீன் டெஸ்ட் எதற்கு? பணம் வீண்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியையே தொடங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.பி. என்பது ஒரே நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் என்று சொல்வது மாதிரி. 1990ல் ரொடாப்சின் மரபணுவில் முதல் பழுதைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஆர்.பி.க்கு மட்டும் 80க்கு மேல், பரம்பரை விழித்திரை நோய்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 280க்கு மேல் மரபணுக்கள் தெரியும். சிகிச்சைகள் நோயின் பெயருக்கு வருவதில்லை, மரபணுவின் பெயருக்கு வருகின்றன. சோதனைகளில் சேர்க்கும்போது முதல் கேள்வியே எந்த மரபணு என்பதுதான்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. ஆர்.பி. மாதிரியே இருக்கும் சிலவற்றை இன்றைக்கே கட்டுப்படுத்தலாம். ரெஃப்சம் நோயில் பைட்டானிக் அமிலம் உடம்பில் சேர்கிறது. பால் கொழுப்பு, ஆடு மாட்டு இறைச்சி போன்றவற்றைக் கட்டுப்படுத்தினால் அது குறையும். கைரேட் அட்ரோஃபியில் புரதத்தை அளந்து சாப்பிட வேண்டும், சிலருக்கு வைட்டமின் பி6 உதவும். பார்வை மங்குவதோடு ஆறு விரல், சிறுவயதிலேயே உடல் பருமன் இருந்தால் பார்டெட் பீடில் நோயா என்று பார்ப்பார்கள். அதில் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும். இதெல்லாம் தெரியாமல் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் நஷ்டம்.

டெஸ்ட் எடுத்தும் விடை வராமல் போகலாம், அதையும் சொல்லிவிடுகிறேன். பொருள் தெரியாத மாற்றம் என்று ரிப்போர்ட் வரும். உலகத் தரவுகளில் ஐரோப்பிய வம்சத்தினர் அதிகம், நம்மவர்கள் குறைவு, அதனால் நம் குடும்பங்களில் காணும் மாற்றம் நோயா, சாதாரண வேற்றுமையா என்று பிரிப்பது கடினமாகிறது. அப்பா அம்மா ரத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். நம் ஊரிலேயே, 1976ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மரபணு ஆராய்ச்சிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா, ஐதராபாத்தில் எல்.வி. பிரசாத் என்று அலைந்தவர்கள் அங்கே எடுத்த ரிப்போர்ட்டைத் தொலைத்துவிட்டு வந்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கார்டு மாதிரி பத்திரமாக வையுங்கள்.

செல்லூர்: ஒரே ஊசியில் பார்வை தரும் மருந்து அமெரிக்காவில் வந்துவிட்டதாமே?

லக்ஸ்டர்னா. 2017 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்றது. ஆர்.பி.இ.65 என்ற ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டவர்களுக்கு மட்டும். கதை நாயிலிருந்து தொடங்குகிறது. பிரியார்ட் என்ற இன நாய்களில் இதே பழுது இயற்கையாகவே உண்டு. பிறவியிலேயே பார்வையற்ற லான்சலாட் என்ற நாய்க்குட்டிக்கு நல்ல மரபணுவைச் செலுத்தி, அது நடமாடத் தொடங்கியதை ஜீன் பென்னட், ஆல்பர்ட் மாக்வையர் முதலானோர் 2001ல் வெளியிட்டார்கள். பிறகு மனிதர்கள். வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், தடைகள் வைத்த பாதையில் நடக்கச் சொன்னார்கள். மருந்து பெற்ற 20 பேரில் 13 பேர் ஒரு லக்ஸ் வெளிச்சத்தில், கிட்டத்தட்ட நிலா வெளிச்சம் மாதிரி, நடந்து முடித்தார்கள். செத்த செல்லை இது எழுப்பாது, உயிரோடிருப்பதைத்தான் வேலை செய்ய வைக்கும். அறிமுகமானபோது விலை இரண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர். இன்றைய கணக்கில் நம் பணத்தில் ஏழு கோடிக்கு மேல்.

மற்ற மரபணுவுக்கும் இப்படியே செய்யலாமே என்று கேட்பீர்கள். மரபணுவைச் சுமந்து போவது ஏ.ஏ.வி. என்ற சின்ன வைரஸ். அது ஒரு ஷேர் ஆட்டோ. சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்து நீளம்தான் ஏறும். ஸ்டார்கார்டின் ஏ.பி.சி.ஏ.4 மட்டும் 6,800 எழுத்து. சி.இ.பி.290 என்ற இன்னொரு விழித்திரை நோய் மரபணு அதைவிட நீளம். நம் ஊர் ஷேர் ஆட்டோக்காரர் என்றால் எப்படியாவது ஏற்றிவிடுவார், வைரஸ் ஏற்றாது. அதனால் சி.இ.பி.290க்கு முழு மரபணுவை அனுப்பாமல், கண்ணுக்குள்ளேயே பழுதை வெட்டும் கிரிஸ்பர் முறையை முயன்றார்கள். 2024ல் வந்த முடிவில் 14 பேரில் 11 பேருக்கு ஏதாவது ஓர் அளவிலாவது முன்னேற்றம் தெரிந்தது.

வாடிப்பட்டி: வெளியூரில் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசிக்கு ஒரு கண்ணுக்கு இரண்டு லட்சம் கேட்கிறார்கள். ரோட்டோர நிலத்தை விற்கலாமா என்று பார்க்கிறோம்.

விற்காதீர்கள். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்லைக் கண்ணில் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள், இருந்த பார்வையையும் இழந்ததை 2017ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். ஒரே நாளில் இரண்டு கண்ணிலும் போட்டிருந்தார்கள். உண்மையான ஆராய்ச்சியில் முதலில் மோசமான கண்ணில் மட்டும் செய்வார்கள், உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்கும். அந்த எண்ணைக் கேளுங்கள். பேச்சை மாற்றுவார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) வழிகாட்டுதலும் விழித்திரைக்கு ஸ்டெம் செல்லைச் சோதனைக்கு வெளியே விற்க இடம் தரவில்லை. என் பெரியப்பா மகன் இப்படி ஓர் இடத்தில் மூன்று லட்சம் கட்டிவிட்டு வந்தான். ரசீதில் வைட்டமின் ஊசி என்று எழுதியிருந்தது.

அலங்காநல்லூர், 52 வயது: எனக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. இனி எனக்கு என்று ஏதாவது உண்டா அம்மா?

முதலில் இருப்பதைச் சரிபாருங்கள் ஐயா. ஆர்.பி. உள்ளவர்களுக்குப் புரை சீக்கிரம் வரும், விழித்திரையின் நடுவில் நீர்வீக்கமும் வரும். இரண்டையும் கவனிக்க வழி உண்டு. எல்லாம் ஆர்.பி.தான் என்று பல வருடம் டாக்டரிடமே போகாதவர்கள் இருக்கிறார்கள்.

ஆராய்ச்சியில் உங்களுக்கு நெருக்கமானது ஆப்டோஜெனடிக்ஸ். கோலும் கூம்பும் செத்தாலும் உள்ளே நரம்பு செல்கள் கொஞ்சம் உயிரோடு இருக்கும். பாசி போன்ற உயிர்களில் ஒளியை உணரும் புரதம் ஒன்றை அந்தச் செல்களுக்குள் ஏற்றுவார்கள். எந்த மரபணு கெட்டது என்பது இதில் முக்கியமில்லை. 2021ல், ஆர்.பி.யால் பார்வை இழந்த 58 வயதுக்காரர் ஒருவர் தனிக் கண்ணாடி அணிந்து மேசையில் இருந்த நோட்டையும் டம்ளர்களையும் கண்டுபிடித்தார். முகம் தெரியவில்லை, படிக்க முடியவில்லை. அவ்வளவுதான், ஆனால் அது சின்ன விஷயம் இல்லை. அதற்கு முன் ஆர்கஸ் 2 என்ற சிப், 60 மின்முனைகளோடு வந்தது. தயாரித்த நிறுவனம் பாதியில் அதைக் கைவிட்டது. கண்ணுக்குள் சிப்போடு இருந்தவர்கள் பழுது பார்க்க ஆளில்லாமல் நின்றார்கள். எந்தக் கருவியானாலும் பத்து வருடம் கழித்து யார் பார்ப்பார்கள் என்று இப்போது முதலிலேயே கேட்கிறார்கள்.

அவனியாபுரம்: ஆர்.பி. உள்ளவர் கண்தானம் செய்யலாமா?

செய்யலாம். எடுத்து வைப்பது முன்னால் உள்ள கருவிழியை. பழுது பின்னால் இருக்கிறது.

நத்தம் சாலை: ஏழு மாதக் குழந்தை. பிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளபளக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்காதீர்கள், உடனே கண் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வேறு காரணமாகவும் இருக்கலாம், ஆனால் விழித்திரைப் புற்றுநோய் இப்படித்தான் முதலில் தெரியும். சீக்கிரம் பார்த்தால் உயிரையும் பல நேரம் கண்ணையும் காப்பாற்றலாம்.

வில்லாபுரம், 26 வயது: சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் ஆள் மேல் இடித்துவிட்டேன். குடித்திருக்கிறான் என்று ஒருவர் அடிக்க வந்தார். வெள்ளைக் கோல் பிடித்தால், செல்போன் படிக்கிறாயே, நடிக்கிறாயா என்கிறார்கள்.

குழாய்ப் பார்வையின் தொல்லையே இதுதான் தம்பி. நடுவில் 6/6 தெரியும், பஸ் போர்டு படிக்கலாம், காலடியில் படுத்திருக்கும் மாடு தெரியாது. சட்டத்துக்கு இது தெரியும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்வைப் பரப்பையும் கணக்கில் எடுக்கிறார்கள். பரப்பு 40 டிகிரிக்குக் கீழே போனால் குறைபார்வை, 10 டிகிரிக்குக் கீழே என்றால் பார்வையின்மை. எழுத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொல்லி, நன்றாகத் தெரிகிறதே என்று யாராவது திருப்பி அனுப்பினால், பார்வைப் பரப்புச் சோதனைத் தாளை மேசையில் வைத்துக் கேளுங்கள். கோலை மடித்துப் பைக்குள் வையுங்கள். பகலில் வேண்டாம், அழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்திலும் இருட்டியபிறகும் எடுங்கள். ஆள் விலகி வழி விடுவார்கள், அதற்குத்தான் அது வெள்ளையாக இருக்கிறது.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பிய நான்கு பேருக்கு: மரபணுப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எழுத்தும் எண்ணும் மங்கலாக இருக்கிறது. முழுப் பக்கமும் தெரியும்படி வெளிச்சத்தில் வைத்து மறுபடி அனுப்புங்கள்.