ஸ்லீவைக் கடிக்கிற நாய் குடோனைக் காக்குமா?

கேள்வி: மணலியில் சின்ன குடோன் வைத்திருக்கிறேன். 14 மாத ஜெர்மன் ஷெப்பர்ட் ஒன்றை 'ஃபுல் டிரெய்னிங்' என்று சொல்லி 80,000 ரூபாய் கேட்கிறார்கள். சொன்னதும் உட்காருகிறது, படுக்கிறது, ஸ்லீவ் (கடி தாங்கும் தடித்த கையுறை) மாட்டிய கையைப் பாய்ந்து கடிக்கிறது. வாங்கலாமா?
- தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: இதை மட்டும் பார்த்து அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். உட்கார், படு எல்லாம் பழக்கினால் வந்துவிடும். சத்தத்துக்கு மிரள்வதும் புது ஆளைக் கண்டால் பம்முவதும் வேறு கணக்கு. அது ரத்தத்தில் வருவது; குட்டியாக இருந்த முதல் மூன்று நான்கு மாதத்தில் என்னென்ன பார்த்தது, கேட்டது என்பதிலும் இருக்கிறது. 14 மாதத்துக்குப் பிறகு அதை மாற்றுவது கஷ்டம், மறைப்பது சுலபம்.

தன் இடத்தில், தன் ஆள் சங்கிலி பிடித்திருக்கும்போது நாய் ஒப்பிப்பது மனப்பாடம். அதனால் அது போகாத இடத்துக்கு அழைத்து வரச் சொல்லுங்கள். எண்ணூர் விரைவுச் சாலைப் பக்கம், ரோட்டிலிருந்து முப்பதடி தள்ளி நின்றால் போதும். கன்டெய்னர் லாரி ஏர் பிரேக்கை 'புஸ்' என்று விடும் பாருங்கள், அதைவிட நல்ல பரீட்சை இல்லை. காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள்; வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிற நாயைக் கணிக்க முடியாது. சங்கிலி உங்கள் கையில், தளர்வாக இருக்கட்டும். விற்பவர் நாயின் கண்ணில் படக்கூடாது.

பத்தடி பின்னால் ஒருவர் ஸ்டீல் தட்டைக் கீழே போடட்டும். திடுக்கிட்டால் தப்பில்லை, எந்த நாயும் திடுக்கிடும். அடுத்த சில நொடிகள்தான் முக்கியம். திரும்பிப் பார்த்து, கிட்டே போய்த் தட்டை மோந்தால் நல்ல நரம்பு, அதாவது எளிதில் மிரளாத குணம். வாலை உள்ளே சுருட்டிக்கொண்டு சங்கிலியை எதிர்ப்பக்கம் இழுத்தால், பிஸ்கட்டைக்கூட வாங்க மறுத்தால், அந்த நாய் குடோனுக்கு ஆகாது. குடையைப் பட்டென்று விரித்தும், வழவழப்பான டைல்ஸ் தரையில் நடக்கவிட்டும் இதையே பாருங்கள்.

இப்போது ஸ்லீவுக்கு வருவோம். பல நாய்களுக்கு அது பந்து மாதிரி விளையாட்டுச் சாமான். கடித்ததும் பயிற்சியாளரை ஸ்லீவைக் கழற்றித் தரையில் போடச் சொல்லுங்கள். ஆளை விட்டுவிட்டு ஸ்லீவைக் கவ்விக்கொண்டு குஷியாக ஓடினால், அது கற்றது விளையாட்டு. கடிக்கும் விதமும் சொல்லும்: வாய் நிறையக் கவ்வி அசையாமல் பிடிப்பது தைரியம். முன்பல்லால் நறநறவென்று மாற்றி மாற்றிக் கடிப்பது பெரும்பாலும் பயம். பயத்தில் கடிக்கும் நாய்க்குத் திருடனும் லோடுமேனும் ஒன்றுதான். 'விடு' என்றதும் விடுகிறதா என்பதையும் பாருங்கள். விடாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

நாள் மாற்றி இரண்டு முறை போவது நல்லது. மந்தமாக, கண் சொக்கி நின்றால் விற்பவர் மயக்க மருந்து கொடுத்திருக்கலாம்.

கே.சி.ஐ. (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா) சான்றிதழ் பரம்பரையைச் சொல்லுமே தவிர குணத்தைச் சொல்லாது. அதிலுள்ள மைக்ரோசிப் எண்ணும் நாயின் தோலுக்கடியில் உள்ள சிப்பின் எண்ணும் ஒன்றுதானா என்று ஸ்கேனரில் சரிபாருங்கள். ஐ.ஜி.பி. (நாய்களுக்கான சர்வதேசப் பயிற்சித் தேர்வு) தேறிய நாய் என்றால் மதிப்பெண் அட்டையைக் கேளுங்கள்: மோப்பம், கீழ்ப்படிதல், காவல் என மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 100. வாய்வார்த்தை செல்லாது. இடுப்பு எக்ஸ்ரே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உங்கள் முன்னிலையில் எடுக்கட்டும். பத்து நாள் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் பணம் திரும்ப என்பதை எழுதி வாங்குங்கள்.

கேள்வி: குட்டியாக வாங்கினால் குணத்தைச் சோதிக்க முடியுமா?
- வியாசர்பாடி வாசகர்

பதில்: ஓரளவுதான். 49-ஆம் நாள் வாக்கில் செய்யும் சோதனை உண்டு: மல்லாக்கப் படுக்கவைத்து அரை நிமிடம் மெதுவாகப் பிடிப்பது, கசக்கிய காகிதத்தை உருட்டிவிடுவது. கொஞ்சம் திமிறி அடங்குவதும், காகிதத்தைத் துரத்திக் கொண்டு வருவதும் நல்லது. ஆனால் அதைவிடத் தாய் நாயைப் பார்ப்பது மேல். தாயைக் காட்ட மறுத்தால் வேறு இடம் பாருங்கள். நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சோதனையை ஏழாவது வாரம் அங்கேயே செய்துவிட்டு, எட்டு முடிந்ததும் கூட்டி வாருங்கள்.