மகளின் பெயரில் நீங்கள் எழுதிய கடிதம்

கேள்வி: ஜப்பானில் நடந்த பன்னாட்டு ஓவியப் போட்டி ஒன்றில், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. கணினியில் இணைத்து வரையும் டேப்லெட் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். அதன் மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல். சுங்க வரியாக 7,400 ரூபாய் கட்டினால்தான் பார்சலைத் தர முடியும் என்று அஞ்சலகத்தில் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு எதற்கு வரி? கிரிக்கெட் வீரர்களுக்குப் பரிசாக வந்த கார்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்களே? 'அன்பளிப்பு, மதிப்பு 10 டாலர்' என்று எழுதி அனுப்பும்படி, மகளின் மின்னஞ்சலிலிருந்து அவள் கேட்பது போலவே முன்னதாக எழுதிப் பார்த்தேன், அவர்கள் இணங்கவில்லை. வரியைக் குறைக்க வழி உண்டா? இல்லையென்றால் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: வரி பற்றிய உங்கள் கேள்விகளுக்கு விடை சொல்வது எளிது, சொல்கிறேன். அதற்கு முன், நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோன ஒரு வாக்கியத்திலேயே நான் நின்றுவிட்டேன். மகளின் மின்னஞ்சலிலிருந்து, அவள் கேட்பது போலவே எழுதினேன் என்கிறீர்கள். அது அவளுக்குத் தெரியுமா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. தெரிந்திருந்தால் 'நானும் மகளும் சேர்ந்து எழுதினோம்' என்று எழுதியிருப்பீர்கள். ஆகவே தெரியாது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, அந்தப் பரிசை அனுப்பியவர்களின் மேசையில் உங்கள் மகளின் பெயரோடு இப்போது இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று அவள் வரைந்த ஓவியம். மற்றொன்று, பொருளின் மதிப்பைப் பொய்யாக எழுதித் தாருங்கள் என்று கேட்கும் கடிதம். முதலாவதைப் பார்த்து மகிழ்ந்து பரிசுக்குத் தேர்ந்தெடுத்தவர்கள், இரண்டாவதைப் படித்தபோது அந்தப் பெண்ணைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உங்களைப் பற்றி அவர்கள் எதுவும் நினைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் இதைப் பல உருவங்களில் பார்த்துவிட்டேன். மகனின் கையெழுத்தைத் தானே போட்ட தந்தை, மகளின் பெயரில் விண்ணப்பக் கட்டுரை எழுதிக் கொடுத்த தாய் என எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பிள்ளையின் நன்மைக்காகச் செய்தோம். பிள்ளைக்குப் பெயர் சூட்டுவது பெற்றோரின் கடமை. சூட்டிய பெயரை நம் வசதிக்கு எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை அந்தக் கடமையோடு சேர்ந்து வருவதில்லை. பெற்றவரின் வேலை பிள்ளையின் பெயரைக் காப்பது. நீங்கள் அதை 7,400 ரூபாய்க்காக ஈடு வைத்துவிட்டீர்கள்.

அவர்கள் இணங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறீர்கள். இணங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? அஞ்சலில் வரும் பொருளுக்கு, முகவரியில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே இறக்குமதி செய்பவராகச் சுங்கத் துறை பார்க்கும். பெட்டியைத் திறக்கும் அதிகாரி 10 டாலர் என்று எழுதிய தாளையும் உள்ளே இருக்கும் டேப்லெட்டையும் சேர்த்துப் பார்த்தால், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111ஆவது பிரிவின்படி, மதிப்பு பொய்யாகக் குறிக்கப்பட்ட பொருளைப் பறிமுதல் செய்ய இடமுண்டு, அபராதமும் விதிக்கலாம். அந்த அறிவிப்பு பத்தாம் வகுப்பு மாணவியின் பெயருக்கு வந்திருக்கும். முன்பின் தெரியாத ஜப்பானியர்கள் அவளை அதிலிருந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பொய்யால் பயன் எதுவும் இல்லை. குறைந்த மதிப்புள்ள அன்பளிப்புகளுக்கு முன்பு வரிவிலக்கு இருந்தது. 2019 டிசம்பரில் வந்த அறிவிப்புக்குப் பிறகு, அஞ்சலிலோ கூரியரிலோ வரும் பொருளை அன்பளிப்பு என்று சொல்லி வரியின்றி எடுப்பது ராக்கிக் கயிற்றுக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே இயலும். மற்ற எந்த அன்பளிப்பையும் முழு வரி கட்டித்தான் பெற வேண்டும். பெட்டியின் மேல் 'அன்பளிப்பு' என்று எழுதியிருந்தாலும் உங்களிடம் வரி கேட்டிருப்பார்கள்.

காசு கொடுக்காத பொருளுக்கு வரி எதற்கு என்று கேட்கிறீர்கள். சுங்க வரி பொருளின் மேல் விழுவது. நீங்கள் கொடுத்த விலையின் மேல் விழுவதன்று. விற்பனையே நடக்காதபோது, அதே போன்ற பொருள்களின் விலையை வைத்து மதிப்பைக் கணிக்க 2007ஆம் ஆண்டின் மதிப்பீட்டு விதிகள் வழி சொல்கின்றன. அந்த மதிப்போடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் சேர்த்து, அதன்மேல் அடிப்படைச் சுங்க வரியும், அந்த வரியில் 10 சதவீதம் சமூக நல மேல்வரியும், இவை எல்லாவற்றையும் கூட்டிய தொகையின்மேல் ஐஜிஎஸ்டி எனப்படும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரியும் போடுவார்கள். வரியின்மேல் வரி ஏறுவதால்தான் கடைசித் தொகை நாம் நினைப்பதைவிட எப்போதும் பெரிதாகத் தெரிகிறது. இலவசமாகக் கிடைத்தது என்பதால் விட்டுவிடுவதானால், காசு கொடுத்துத் தருவித்தவர்களும் 'இது எனக்கு இலவசமாக வந்தது' என்றுதான் எழுதுவார்கள்.

கிரிக்கெட் வீரர்களின் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1985இல் மெல்போர்னில் ரவி சாஸ்திரி வென்ற ஆடி காருக்கு மத்திய அரசு வரிவிலக்கு அளித்தது உண்மை. சச்சின் டெண்டுல்கருக்கு ஃபியட் நிறுவனம் தந்த ஃபெராரி காருக்கும் ஏறத்தாழ 1.13 கோடி ரூபாய் வரியை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்தது. அதை எதிர்த்துத் தில்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. கடைசியில் அந்த வரியைக் கட்டியது ஃபியட் நிறுவனம். அசாதாரணமான சூழ்நிலைகளில் தனி ஆணை மூலம் விலக்கு அளிக்கச் சட்டத்தின் 25ஆவது பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. பள்ளி மாணவி வென்ற டேப்லெட்டுக்காக அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு காத்திருந்தால், அதற்குள் பார்சல் ஜப்பானுக்கே திரும்பிப் போய்விடும்.

நேர்மையான வழி ஒன்று உண்டு. பொருளின் உண்மையான சந்தை விலையைவிட அதிகமாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், போட்டி நடத்தியவர்களின் பரிசுக் கடிதத்தையும், அதே வகை டேப்லெட்டின் விலையைக் காட்டும் சான்றையும் வைத்து மறுமதிப்பீடு கேளுங்கள். அதிலும் உடன்பாடு இல்லையென்றால், ஆணை கைக்கு வந்த 60 நாள்களுக்குள், மேல்முறையீடுகளுக்கான சுங்க ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். நீங்கள் எழுதியிருக்கும் விலைக்கு இந்த வரி மிகையாக எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்கு அஞ்சலகத்தின் வழியாகத் தகவல் வந்திருப்பதால் இதை மோசடி என்று ஐயுற வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலந்துகொள்ளாத போட்டியில் பரிசு விழுந்திருக்கிறது, சுங்க வரியை இந்தத் தனிநபர் கணக்குக்கு அனுப்புங்கள் என்று அழைப்பு வந்தால், ஒரு ரூபாயும் அனுப்பாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். சுங்கத் துறை யாருடைய சொந்தக் கணக்கிலும் வரி வாங்குவதில்லை.

பார்சலைத் திருப்பி அனுப்பலாமா என்ற கடைசிக் கேள்விதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. அனுப்புவதற்கு அது யாருடையது? அவள் உட்கார்ந்து வரைந்து வென்றது. பணம் கையில் இல்லை என்று நீங்கள் எங்கும் எழுதவில்லை. கொடுக்க மனமில்லை என்பதைத்தான் கடிதம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். வரியை நீங்கள் கட்டுங்கள். அவளுடைய உண்டியலிலிருந்தோ, அவள் பெயரில் இருக்கும் சேமிப்பிலிருந்தோ எடுக்க வேண்டாம். அதை அவளுக்குச் செய்த செலவாகப் பின்னாளில் சொல்லிக்காட்டவும் வேண்டாம்.

அதற்கு முன்னால், இன்றிரவே அவளை உட்கார வைத்து, அவள் பெயரில் நீங்கள் எழுதியதை முழுவதும் சொல்லுங்கள். அவள் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. பிறகு உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, உங்கள் பெயரைப் போட்டு, முந்தைய கடிதத்தை எழுதியது தந்தையாகிய நான், என் மகளுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, மன்னியுங்கள் என்று போட்டி நடத்தியவர்களுக்கு எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுங்கள். மறுநாள் அஞ்சலகத்துக்கு அவளையும் அழைத்துப் போய், பார்சலைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை அவளையே போடச் சொல்லுங்கள்.