கேள்வி – பதில்: தேனீக்கும் ஆட்டுக்கும் அவசர உதவித்தொகை

கேள்வி: கலிஃபோர்னியாவில் 120 தேனீப் பெட்டிகள் வைத்திருந்தேன். குளிர் முடிந்து திறந்து பார்த்தால் 40 பெட்டி காலி. நாற்பதுக்கும் அரசு பணம் தருமா?

பதில்: தராது. கால்நடை, தேனீ இழப்புகளுக்கு அவசர உதவி தரும் அமெரிக்க வேளாண் துறையின் ‘ஈலாப்’ திட்டம் நூற்றுக்கு 15 கூட்டம் அழிவதை இயல்பான இழப்பு என்று கழித்துவிடும். உங்கள் 120-க்கு அது 18. காலியான 40-ல் அதைக் கழித்தால் கணக்கில் நிற்பது 22. அதற்கும் துறை வைத்திருக்கும் சராசரி மதிப்பில் 75 சதவீதம்தான். தொழிலுக்கு வந்து 10 ஆண்டு ஆகாதவர்களுக்கு 90.

பெட்டி ஏன் காலியானது என்பதில்தான் பல மனுக்கள் தள்ளுபடியாகின்றன. வெள்ளம், காட்டுத்தீ போன்றவை வெளிப்படையானவை. ‘காலனி கொலாப்ஸ்’ (கூட்டத்துத் தேனீக்கள் திடீரென மறைந்துபோவது) என்று கேட்பதானால் ஐந்து அறிகுறிகளில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும்: ராணியோ ஆண் தேனீக்களோ இல்லாமை, வேலைக்காரத் தேனீக்கள் சட்டென்று குறைந்து புழு அடை கவனிப்பாரற்றுக் கிடப்பது, பெட்டிக்குள்ளும் வாசலிலும் செத்த தேனீக்கள் இல்லாமை, மிஞ்சிய தேனை வேற்றுக் கூட்டத் தேனீக்கள் வந்து கொள்ளையடிக்காமை, வரோவா உண்ணியும் நொசீமா என்ற குடல் நோய்க் கிருமியும் கூட்டத்தை அழிக்கும் அளவில் இல்லாமை. உண்ணியே கொன்றிருந்தால் அது பராமரிப்புக் குறையாகத்தான் பார்க்கப்படும்.

ஆகவே தயவுசெய்து பெட்டியைச் சுத்தம் செய்துவிடாதீர்கள்! பெட்டி எண் தெரிய, தேனடைச் சட்டத்தை வெளியே எடுத்து, தேனீ மூடாத புழு அறைகளையும் வெறுமையான அடித்தட்டையும் படம் எடுங்கள். உண்ணி எண்ணிக்கையைத் தேதியோடு குறித்துவைத்த நோட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கே வேளாண் துறையின் மாவட்ட எஃப்.எஸ்.ஏ. (பண்ணைச் சேவை முகமை) அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.

இன்னொன்று: எத்தனை கூட்டம், எந்த மாவட்டத்தில் என்ற கணக்கை ஆண்டுதோறும் ஜனவரி 2-க்குள் அங்கே கொடுத்திருக்க வேண்டும். பாதாம் பூக்கும் சமயத்தில் பெட்டிகளை வேறு மாவட்டத்துக்கு ஏற்றிப் போனால் 30 நாளில் அதையும் சொல்ல வேண்டும். 120 இருந்ததற்கே பதிவு இல்லையென்றால் 40 போனதை எப்படிக் காட்டுவீர்கள்?

கேள்வி: டெக்சஸில் ஆடு மேய்க்கிறோம். வறட்சியால் லாரியில் தண்ணீர் கொண்டுவருகிறோம். வைக்கோலும் 200 மைல் தாண்டி வருகிறது. உதவி உண்டா?

பதில்: மேய்ச்சல் நிலம் அமெரிக்க வறட்சி வரைபடத்தில் ‘டி3’ (மிகக் கடும் வறட்சி) நிறத்துக்குள் வந்திருந்தால் தண்ணீருக்கு உண்டு. ஏற்றிவரும் செலவுக்குத்தான், தண்ணீரின் விலைக்கு இல்லை. லாரி ரசீதில் இரண்டையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஒரே தொகையாக இருந்தால் பிரிக்க முடியாமல் இழுபறியாகும்.

தீவன வண்டிக்கு ‘டி3’, அல்லது தொடர்ந்து எட்டு வாரம் அதற்கு ஒரு படி குறைந்த ‘டி2’ இருந்தாலும் போதும். முதல் 25 மைல் சேராது. உங்களுக்கு 175 மைல் நிற்கும். அதிலும் வழக்கமான ஆண்டுச் செலவைக் கழித்து, கூடுதலானதில் 60 சதவீதம். பழைய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஆடு செத்திருந்தால் அது ‘எல்.ஐ.பி.’ (கால்நடை இழப்பீடு) என்ற வேறு திட்டம், வேறு மனு.

கேள்வி: எச்5என்1 பறவைக் காய்ச்சல் வந்து கறவை நின்ற மாட்டுக்கு?

பதில்: 2024 ஜூலை முதல் ஈலாப்பில் சேர்த்திருக்கிறார்கள். ஒரு மாட்டுக்கு 21 நாள் முழுக் கறவை இழப்பு, பின் 7 நாள் பாதி என்று கணக்கிட்டு அதில் 90 சதவீதம். பரிசோதனை மாதிரி எடுத்த நாளுக்கு 14 நாள் முன்பிருந்து 120 நாள் பின்வரைக்குள் கறவையிலிருந்து விலக்கிய மாடாக இருக்க வேண்டும். காது வில்லை எண்ணும் விலக்கிய தேதியும் ஒரே வரியில் இருக்கட்டும்.