சாந்தோரினி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் வெளியான கிரேக்க நாட்டுச் சாந்தோரினித் தீவின் படக்கட்டுரையைப் படித்துவிட்டு, வேலூர் வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

படங்களில் அத்தீவு பிறை வடிவில் தெரிகிறதே, நடுவில் கடல் எப்படி வந்தது?
வாசகர், குடியாத்தம்

பிறையாகத் தெரிவது, ஒரு பெரிய எரிமலையின் நடுப்பகுதி உள்வாங்கிய பின் எஞ்சி நிற்கும் விளிம்பாகும். ஆப்பிரிக்க நிலத்தட்டு ஏஜியன் கடலுக்கு அடியில் செருகி இறங்குவதால் அங்கே பாறைக்குழம்பு திரள்கிறது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் அது பீறிட்டு வெளியேறியபோது, நிலத்தடியில் காலியான அறையின் கூரை பாரம் தாங்காமல் இடிந்து அமர, அந்தப் பள்ளத்தைக் கடல் நிரப்பியது. அதற்கு முன்பும் அங்கே இத்தகைய இடிவுகள் நேர்ந்துள்ளன. பள்ளத்தின் ஆழம் 390 மீட்டர் வரை செல்கிறது. படகிலிருந்து அண்ணாந்து பார்த்தால், 300 மீட்டர் வரை எழும்பிய செங்குத்துச் சுவரில், கீழே கரிய எரிமலைப் பாறையும், இடையிடையே செந்நிறப் பட்டைகளும், உச்சியில் அந்தப் பெருவெடிப்பு கொட்டிய வெளிறிய நுரைக்கல் படிவும் தனித்தனியே தெரியும். ஊர்கள் அந்தப் படிவின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. பழைய வீடுகள் பல அதைக் குடைந்தே அமைக்கப்பட்டவை.

அத்தீவின் பண்டைய நகரமான அக்ரோதிரி சாம்பலில் புதைந்தபோது மக்கள் அனைவரும் மாண்டார்களா?
கல்லூரி மாணவி, காட்பாடி

அங்கே இதுவரை வெடிப்பில் மாண்டவர்களின் எலும்புக்கூடுகள் கிடைக்கவில்லை. முதலில் வந்த நிலநடுக்கத்தில் இடிந்த சுவர்களை ஒதுக்கி ஊரைச் சீர்செய்ய முற்பட்டவர்கள், வேலையைப் பாதியில் விட்டுப் புறப்பட்டிருக்கிறார்கள். மரக் கட்டில்கள் மட்கிப்போய்ச் சாம்பலுக்குள் வெற்றிடமாக நின்ற அச்சுகளில் சுண்ணச்சாந்தை ஊற்றி, அவற்றின் உருவத்தை அகழ்வாளர்கள் மீட்டெடுத்துள்ளனர். இத்தீவின் நுரைக்கல் மண் சுண்ணாம்போடு சேர்ந்தால் நீருக்குள்ளும் இறுகும் என்பதால், 1860-களில் சூயஸ் கால்வாய்ப் பணிக்காக அதை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள். அப்போதுதான் பழஞ்சுவர்கள் முதலில் வெளிப்பட்டன. அக்ரோதிரியில் முறையான அகழாய்வைக் கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடோன் மரினாதோஸ் 1967-இல் தொடங்கி, 1974-இல் அகழ்விடத்திலேயே உயிர்துறந்தார். சுவரோவியங்களில் உள்ள நீலக் குரங்குகள் இந்தியத் துணைக்கண்டத்து மந்திகளே என்று அண்மையில் சில ஆய்வாளர்கள் கருத்துத் தெரிவித்துள்ளனர். கருத்து சுவையானதுதான் என்றாலும், எல்லோரும் இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றும் ஒரே கோட்டைக்குள் இருக்கும் ஊரில் வாழ்பவன் நான். அத்தீவின் சமய வாழ்க்கையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவீர்களா?
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், வேலூர்

அங்கும் பல வழிபாடுகள் அடுத்தடுத்து வேரூன்றியுள்ளன, ஐயா. மேசா வூனோ குன்றின் மேலிருந்த பண்டைய தீரா நகரில் அப்பல்லோவுக்குக் கோயில் இருந்தது. எகிப்தை ஆண்ட தாலமி மரபினர் அங்கே படை நிறுத்தியிருந்த காலத்தில் ஐசிஸ், செராபிஸ் ஆகிய தெய்வங்களும் இடம்பெற்றனர். அக்காலத்தில் ஆர்த்தெமிதோரோஸ் என்பவர் பாறையிலேயே ஒரு வழிபாட்டிடம் குடைந்து, சியூசுக்குக் கழுகையும், அப்பல்லோவுக்குச் சிங்கத்தையும், பொசைடனுக்கு ஓங்கிலையும் செதுக்கி வைத்தார். அவை இன்றும் காணக் கிடைக்கின்றன.

கிறித்தவம் பரவிய பின், 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் எபிஸ்கோபி என்னும் மாதா ஆலயத்தை நிறுவினார். 1204-க்குப் பின் தீவு இலத்தீன் பிரபுக்களின் கைக்குச் சென்றபோது இந்த ஆலயமும் கத்தோலிக்கர் வசமானது. துருக்கியர் ஆட்சியில் மீண்டும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்குத் திரும்பியது. வழக்குகளுக்கும் மனத்தாங்கல்களுக்கும் குறைவில்லை. ஆயினும் இன்று பெரும்பான்மையினரான ஆர்த்தடாக்ஸ் மக்களும் சிறுபான்மைக் கத்தோலிக்கரும் ஃபிரா நகரில் தத்தமக்கெனப் பேராலயம் வைத்து அருகருகே வாழ்கிறார்கள்.

பேராலயங்களைக் காட்டிலும் என்னைக் கவர்வன குடும்பங்களுக்குச் சொந்தமான சிற்றாலயங்களே. கடலிலிருந்து உயிர்தப்பி வந்தவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியவை அவற்றுள் பல. அந்தந்தப் புனிதரின் திருநாளில், உரிய குடும்பத்தார் ஆலயத்துக்கு வெள்ளையடித்து, பூசை முடிந்ததும் வந்தவர்க்கெல்லாம் உணவு பரிமாறுகிறார்கள். பிர்கோஸ் ஊரில் பெரிய வெள்ளி இரவன்று, கார்த்திகைக்கு நாம் அகல் ஏற்றுவதைப் போல, மாடிகளிலும் மதில்களிலும் தகரக் குவளைகளில் தீ ஏற்றிவைக்க, அந்த வெளிச்சத்தில் இயேசுவின் மலர்ப்பாடை வீதிவலம் வருகிறது.

அப்படியானால் திருவண்ணாமலையும் முன்பு எரிமலையாக இருந்ததுதானே?
வாசகர், போளூர்

இல்லை. மலை நெருப்புருவானது என்பது தலபுராணச் செய்தி. அதற்கு நிலவியல் சான்று தேட வேண்டியதில்லை. நம் வட்டாரக் குன்றுகளின் பாறைகள் பெரும்பாலும் பூமியின் ஆழத்தில் இறுகி, மேலிருந்தவை தேய்ந்தபின் வெளிப்பட்டவை. பலவற்றின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். சாந்தோரினி எரிமலையின் வரலாறோ சில இலட்சம் ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

அடுத்த ஆண்டு குடும்பத்தோடு செல்ல எண்ணியுள்ளோம். ஆபத்து உண்டா?
வாசகி, இராணிப்பேட்டை

அந்த எரிமலை கடைசியாக 1950-இல் வெடித்தது. 1956-இல் அருகே நேர்ந்த நிலநடுக்கத்தில் வீடுகளும் ஆலயங்களும் இடிந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2025-இன் தொடக்கத்தில் அடுத்தடுத்து நிலம் அதிர்ந்தபோது 11,000-க்கும் அதிகமானோர் தீவை விட்டு வெளியேறினர்; பின்னர் அது தணிந்துவிட்டது. முன்பதிவு செய்யுமுன் கிரேக்க அரசின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். அங்கே சென்றதும் அக்ரோதிரிக்கும் எபிஸ்கோபி ஆலயத்துக்கும் முதலில் நேரம் ஒதுக்குங்கள். சூரியன் மறையும் படம் எல்லோருடைய கைபேசியிலும் ஏற்கெனவே இருக்கிறது.