செக்ரட்டேரியட்: கேள்வி பதில்

குதிரை வம்சாவளிப் பதிவேடுகளோடு நெடுங்காலம் பழகியவன் நான். 1973-இல் அமெரிக்காவின் மூன்று பெரும் பந்தயங்களையும் (கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட்) வென்ற செக்ரட்டேரியட் என்ற குதிரையைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் குதிரைமேல் பணம் கட்டலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: ஐயா, அதன் இதயம் 22 பவுண்டு என்பது உண்மையா?

பதில்: எடை போடவே இல்லை. 1989-இல் குளம்பு அழற்சி முற்றியதால் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். உடலை அறுத்துப் பார்த்த மருத்துவர் ஸ்வெர்செக் இதயத்தின் அளவைக் கண்டு வியந்தார். பின்னர் 1993-இல், அதன் போட்டிக் குதிரையான ஷாமின் இதயத்தை எடை போட்டார், 18 பவுண்டு. அதை வைத்துச் சொன்ன மதிப்பீடுதான் 22.

கேள்வி: டெர்பியில் அப்படி என்ன அதிசயம்?

பதில்: ஒன்றேகால் மைல் ஓட்டத்தில் எந்தக் குதிரையும் கடைசியில் தளரும். இதுவோ எல்லாருக்கும் பின்னால் கிளம்பி, ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட விரைவாகக் கடந்தது: 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. இந்த ஐந்து எண்களை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஐந்து வாரத்தில் பெல்மான்டில் 31 குதிரை நீள இடைவெளியில் வென்றது. ஒன்றரை மைல், 2 நிமிடம் 24 விநாடி. அந்தப் பந்தயத்தில் இன்றும் அதை எந்தக் குதிரையும் முறியடிக்கவில்லை.

கேள்வி: தோற்றதே இல்லையா?

பதில்: 21 ஓட்டங்களில் 16 வெற்றி.

கேள்வி: குட்டி ஈனச் செய்யும் பொலிகுதிரையாகத் தோல்விதானே?

பதில்: இல்லை. மகன் ரைசன் ஸ்டார் 1988-இல் பிரீக்னஸும் பெல்மான்டும் வென்றது. மகள் லேடிஸ் சீக்ரெட் 1986-இன் சிறந்த குதிரை. பெரிய சொத்து மகள்கள்தான்: புகழ்பெற்ற பொலிகுதிரைகளான ஏ.பி. இண்டி, ஸ்டார்ம் கேட், கான் வெஸ்ட் மூன்றும் மகள்வழிப் பேரன்கள்.

கேள்வி: ஏ.பி. இண்டியின் தந்தை சியாட்டில் ஸ்லூ. பெருமை அதற்குத்தானே?

பதில்: ஒரு பேரன் என்றால் ஒப்புக்கொள்வேன். மூன்று பேரன்களுக்கும் தந்தை வேறு வேறு. தாய்வழித் தாத்தா மட்டும் ஒன்று.

கேள்வி: பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோம் வழியே மகள்களுக்குப் போனதால்தானே?

பதில்: தந்தையின் எக்ஸ் மகள்களுக்கு மட்டுமே போகும், சரி. இதய அளவும் அதில் போகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. தாத்தாவின் இதயத்தையே எடை போடவில்லை என்று மறுபடியும் சொல்கிறேன்.

கேள்வி: இதயம் 10 கிலோவாமே?

பதில்: அதுவும் அதே 22 பவுண்டுதான். முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: எங்கே புதைத்தார்கள்?

பதில்: கென்டக்கியின் கிளைபோர்ன் பண்ணையில். வழக்கமாகத் தலை, இதயம், குளம்புகளை மட்டுமே புதைப்பார்கள். இதை முழு உடலாகப் புதைத்தார்கள்.