நகைச்சுவையான விதிகளோடு நடக்கும் ஆன்லைன் சண்டை விளையாட்டுப் போட்டியில் ஆடியிருக்கிறீர்களா? அது நேர விரயம் இல்லையா?

ஆடியிருக்கிறேன். விரயம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

2020 ஊரடங்கில் நண்பர்கள் எட்டுப் பேர், பழைய ஆர்கேட் ஆட்டங்களை இணையத்தில் ஆட உதவும் ஃபைட்கேடில் நடத்திய போட்டி அது. ஆட்டம், 1996-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆல்ஃபா 2. எல்லோரும் அதில் வரும் டான் ஹிபிகி என்ற பாத்திரத்தைத்தான் எடுக்க வேண்டும். ரவுண்டுக்குள் மூன்று தடவையாவது, கேலி சைகை காட்டும் பட்டனை அழுத்தி எதிராளியைச் சீண்டியிருந்தால்தான் ஜெயித்தவருக்குப் புள்ளி; இல்லாவிட்டால் தோற்றவருக்குப் போய்விடும். சூப்பர் சீண்டலை அடிபடாமல் முடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி.

டானைத் தெரியாதவர்களுக்கு: எஸ்என்கே நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கின் நாயகன் ரியோ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆட்களை உரித்து வைத்தது போல இருந்தான். பதிலுக்கு, ஸ்ட்ரீட் ஃபைட்டரைத் தயாரிக்கும் காப்காம் அந்த ரியோவையும் அவன் தோழன் ராபர்ட்டையும் கலந்து, ரோஸ் நிற உடுப்பு மாட்டி, டானை இறக்கியது. ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கில் சீண்டினால் எதிராளியின் சக்தி மீட்டர் இறங்கும். டான் சீண்டினால் எதுவும் இறங்காது. ஆனால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சீண்டலாம், குனிந்தும், குதித்தபடியும். சூப்பர் சீண்டலோ சேர்த்து வைத்த மீட்டரைச் செலவழித்துச் செய்யும் வெறும் கூத்து. ஒரு துளி சேதமும் கிடையாது.

சீண்டும்போது கை கால் கட்டிப்போட்ட மாதிரிதான். அந்த நேரத்தில் அடி வாங்காமல் இருக்க எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், எதிராளியை எப்போது கீழே தள்ள வேண்டும் என்பதைத்தான் மூன்று மணி நேரமும் யோசித்தோம். பல வருஷம் ஆடியும் தூரத்தை நான் அப்படிக் கவனித்ததில்லை. ஃபைட்கேடுக்கு அடியில் டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற மென்பொருள் ஓடுகிறது. இணையத் தாமதத்தை மறைப்பது அதன் வேலை. எதிராளி அடுத்து அழுத்தப்போவதை ஊகித்து ஆட்டத்தை நகர்த்தும், ஊகம் தப்பினால் சில ஃபிரேம் (திரையில் ஓடும் தனித்தனிப் படம்) பின்னே போய்த் திருத்திக்கொள்ளும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிற ஆட்டத்தில் அது இல்லாமல் இந்த விதிகள் எடுபட்டிருக்காது.

இறுதிச் சுற்றின் கடைசி ரவுண்டு. இருவருக்கும் நூலளவு உயிர். நான் மூன்று சீண்டலை முடித்துவிட்டேன், ஒரு அடி போதும். அப்போது திரையின் மறு ஓரத்தில் அவர் சூப்பர் சீண்டலைத் தொடங்கினார். ஓடிப்போய் ஒரு உதை விட்டிருக்க வேண்டும். கை பழக்கத்தில் காடோகன் என்ற சக்திப் பந்தைப் போட்டது. டானின் காடோகன் கைநீளம்தான் போகும். அவருக்கு வெகுதூரம் முன்னாலேயே புஸ்ஸென்று மறைந்தது. அவர் சீண்டலை முழுதாக முடித்தார். அந்த ஒரு புள்ளியில் கோப்பை அவருக்கு.

நீங்களும் நடத்துவதாக இருந்தால், சீண்டல்களை எண்ண ஒருவரைப் பார்வையாளராக உட்கார வையுங்கள். ஆட்டம் அதையெல்லாம் எண்ணாது. அப்புறம், புதிதாக ஆடுபவர்களையும் கூப்பிடுங்கள். எங்களை வென்ற அந்த நண்பர் ஆட ஆரம்பித்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.