மெழுகுவர்த்தி எரிவது என்ன மாற்றம்? அதன் சுடருக்கு உயிர் உண்டா?

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள்: மெழுகுவர்த்தி எரிவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா? வளர்ந்து பரவுகிற சுடருக்கு உயிர் இல்லை என்று எப்படிச் சொல்வது?

முதல் கேள்விக்கு "இயற்பியல் மாற்றம்" என்று எழுதித் தேர்வில் மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன் நான். மெழுகு உருகுகிறது, ஆறினால் இறுகுகிறது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். வழிந்ததையெல்லாம் சுரண்டி எடுத்தாலும் பழைய மெழுகுவர்த்தி கிடைக்காதே, மீதி எங்கே போயிற்று என்று யோசிக்கவில்லை.

உருகிய மெழுகு திரி வழியாக ஏறி, சூட்டில் ஆவியாகிறது. அதுவரை மெழுகு மெழுகுதான். எல்லாம் இயற்பியல் மாற்றம். எரிவது அந்த ஆவி. ஆக்சிஜனோடு சேர்ந்து அது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மாறுகிறதே, அதுதான் வேதியியல் மாற்றம். சந்தேகம் இருந்தால் மெழுகுவர்த்தியை ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக எழுவது குளிர்ந்துபோன மெழுகு ஆவி. உடனே எரியும் தீக்குச்சியைத் திரிக்கு ஒரு விரல் அகலம் மேலே, அந்தப் புகையில் காட்டுங்கள். நெருப்பு புகை வழியே கீழே தாவித் திரியைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்த பிறகுதான் எனக்கே புரிந்தது. அப்புறம், குளிர்ந்த கண்ணாடி டம்ளரைச் சுடருக்குச் சற்று மேலே கவிழ்த்துப் பிடித்தால் உள்பக்கம் பனி படிந்தாற்போல் மங்கும். எரிந்ததில் புதிதாக உண்டான நீர் அது.

"பழையபடி மாற்ற முடிந்தால் இயற்பியல்" என்ற குறுக்குவழியை நம்ப வேண்டாம். கிழித்த காகிதம் பழையபடி ஆகாது, ஆனாலும் காகிதம்தான். புதுப் பொருள் உண்டானதா என்று பாருங்கள்.

சரி, சுடருக்கு வருவோம். உயிருள்ளவற்றின் அடையாளங்கள் என்று பாடப்புத்தகம் தரும் பட்டியலை வைத்துப் பார்த்தால் சுடர் கிட்டத்தட்டத் தேறிவிடும்: ஆக்சிஜன் எடுக்கும், கழிவு வெளியேற்றும், வளரும், ஒன்று நூறாகும். நம் உடம்பும் குளுக்கோஸிலிருந்து அதே கார்பன் டை ஆக்சைடையும் நீரையும்தான் உண்டாக்குகிறது. ஆங்கிலேய விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-61-ல் லண்டனில் சிறுவர்களுக்கு நிகழ்த்திய மெழுகுவர்த்தி உரைகளின் கடைசி நாளில் பேசியது இந்த ஒற்றுமையைத்தான். மறுபக்கம், உயிருள்ளவையே இந்தப் பட்டியலில் தேறாமல் போவதுண்டு. கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடாது. அதற்கு உயிரில்லையா என்ன? இஸ்ரேலின் மசாடாவில் கிடைத்த, சுமார் 2000 ஆண்டுப் பழமையான பேரீச்ச விதை ஒன்று அசையாமல் கிடந்துவிட்டு 2005-ல் முளைத்தது.

சுடரிடம் இல்லாதவை இரண்டு: ஒன்று உயிரணு (செல்), மற்றொன்று தாயின் பண்பு வாரிசுக்கு வருகிற மரபு. மெழுகுவர்த்தியைக் கொண்டு கேஸ் அடுப்பைப் பற்றவைத்தால் நீலமாக எரியும். தாய்ச் சுடரின் மஞ்சள் அதற்கு வராது. கிடைக்கிற எரிபொருளும் காற்றும் எப்படியோ, அப்படித்தான் சுடர். அந்த விதையோ, 2000 ஆண்டு கழித்தும் பேரீச்சையாகத்தான் முளைத்தது.